மறுமுனை

பத்தொன்பது வருடம்
நான்தான் அழைப்பவள்.
"டாக்டர், மன்னிக்கவும், ஒரு சின்னச் சந்தேகம்" என்று தொடங்கி
நாளுக்கு ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா,
குழந்தையின் எடை பதினொன்றா நூற்றுப்பத்தா
என்று கேட்டுவிட்டு
மறுமுனையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.
சிலர் நன்றி சொல்வார்கள்.
சிலர் பேனாவைத் தேடுவார்கள்.
ஒருவர், பெயர் வேண்டாம்,
இப்போது போர்ச்சுகலில் கோல்ஃப் ஆடுகிறார்,
"எண்ணிப் போடுவதுதான் உன் வேலை" என்றார்.
எண்ணித்தான் போட்டேன்,
அவர் பிழைகளையும் சேர்த்து.

நாற்பத்து நான்கு வயதில் மறுபடி மாணவி.
தொண்ணூறு மணிநேரம்,
டவி ஆற்றங்கரை மருத்துவமனையின் இரண்டாம் அறையில்.
என்னைவிடப் பதின்மூன்று வயது இளைய டாக்டர் ஹெலெத்
என் குறிப்பேட்டில் கையெழுத்திட வேண்டும்.
முதல் வாரம் ஸ்டெதஸ்கோப்பை முன்பின்னாக மாட்டி
ஒரு பஸ் ஓட்டுநரின் நுரையீரலில் சலசலப்பு என்று சொன்னேன்.
அது ஜன்னலில் பெய்த மழை.
இது வேல்ஸ், இங்கே எல்லா நுரையீரலிலும் மழைதான் என்று
அவரே என்னைத் தேற்றினார்.

"மருந்தை மறந்துவிட்டு ஆளைப் பாருங்கள், மெரெரிட்.
கதவிலிருந்து நாற்காலிவரை எப்படி வருகிறார். பிறகு கைகள்."
பார்த்தேன்.
கவுண்டருக்கு இந்தப் பக்கமே நின்றவளுக்கு
மனிதர்கள் இடுப்புக்கு மேல்தான்.
அவர்களுக்குக் கால் உண்டு,
கணுக்காலில் அழுத்தினால் குழி விழும் என்பதெல்லாம்
பாடத்தில் படித்த செய்தி.

தேர்ச்சி பெற்றேன்.
பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது.
அம்மா சட்டகம் வாங்கி வந்தாள்,
அதில் மாட்ட ஒன்றுமில்லை.

முதல் செவ்வாய். நெஸ்டா டியூடர், அறுபத்தெட்டு.
சிறுநீரில் எரிச்சல், மூன்று நாளாக.
சிறுநீரகம் பார்த்தேன், பொட்டாசியம் பார்த்தேன்,
ஒவ்வாமை கேட்டேன்.
வேறு மருந்து?
"ஒன்றுமில்லை, கண்ணே."
கணினியும் ஒன்றுமில்லை என்றது.
டிரைமெத்தோபிரிம், இருநூறு, காலை மாலை, மூன்று நாள்.
என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்ததேயில்லை.
பஸ் அங்கேதான் நிற்கும் என்று
ஆற்றுக்கு அந்தப்பக்கம் குவிலிம் கடைக்குப் போனாள்.

நாலு பத்துக்குத் தொலைபேசி.
"மெரெரிட், மன்னிக்கவும், ஒரு சின்னச் சந்தேகம்.
நெஸ்டாவின் கணவர் என்னிடம் ஃபோலிக் அமிலம் வாங்குகிறார்.
வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடவாம்.
எதற்கென்று தெரியுமா?"

வாரத்துக்கு ஒரு நாள்.

மெத்தோட்ரெக்சேட்.
மூட்டுவாதத்துக்கு ஆஸ்பத்திரி நேரடியாகக் கொடுப்பது,
எங்கள் கணினியில் ஏறாமலே போனது.
அதோடு என் மாத்திரையும் சேர்ந்தால்
ரத்தம் ஊறும் இடமே வற்றிவிடலாம்.
இந்தக் கேள்விக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

கைகளையும் பார்த்தேனே.
வீங்கிய முட்டிகள், ஒரே பக்கம் சாய்ந்த விரல்கள்.
ஆட்டுப்பண்ணை, ஐம்பது குளிர்காலம் என்று
நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டு
அவளைக் கேட்கவில்லை.

மறுமுனையில் ஒருவர்
என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேனாவைத் தேடினேன்.
கையிலேயே இருந்தது.

"இன்னும் எண்ணவில்லை" என்றார் குவிலிம், மெதுவாக,
"அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், வேறு எழுது."
நன்றி என்றேன். இரண்டு தரம் என்று நினைக்கிறேன்.

பிறகு நெஸ்டாவே தொலைபேசியை வாங்கி,
"ஓ, திங்கட்கிழமை மாத்திரையா?
அது மருந்தில்லையே, ஆஸ்பத்திரி கொடுப்பதல்லவா?"

இப்போது நான் 'வேறு மருந்து உண்டா' என்று கேட்பதில்லை.
"உங்கள் வாரத்தைச் சொல்லுங்கள், திங்களிலிருந்து" என்கிறேன்.
மழை, நாய், மருமகன், உடைந்த வேலி
எல்லாம் வருகிறது.
வெளியே நாற்காலிகள் நிறைகின்றன,
ஹெலெத் கதவைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டுகிறாள்.
அநேகமாகப் புதன்கிழமைக்குள்
ஒரு மாத்திரையும் வந்துவிடுகிறது.