இதற்கு நான்கெல்லை

தண்ணீர் வரக்கூடாதென்று
ஒரே ஒரு வருஷம் வேண்டிக்கொண்டேன்.
வெளியே சொல்லவில்லை.
அடப்பாற்றுக் கடைமடையில்
அப்படி வேண்டிய முதல் ஆள் நானாக இருப்பேன்.

மேட்டூர் திறந்து பதினேழு நாள் ஆகியும்
எங்கள் வாய்க்காலில் ஆடுதான் மேய்ந்தது.
ஊர் மதகையே பார்த்துக்கொண்டிருக்க
நான் வானத்தைக் காவல் காத்தேன்.
கொத்தனார் பாஷையில் கடைக்கால் குழிக்கு
வானம் என்று பெயர்.
மூன்று சென்ட் மனையில்
நாலடி ஆழத்தில் கிடந்தது என் வானம்,
களிமண் வெடிப்போடு,
ஒரு தவளையோடு.

அந்தக் குழிக்கு முன்னால்
நானூறு மணி நேரம் இருக்கிறது.
அடுத்தவர் வீட்டுக்கு உழைத்த பிறகுதான் உன் வீடு,
அது அறக்கட்டளையின் விதி.
பக்கிரிசாமி வீட்டுக்குச் செங்கல் சுமந்தேன்.
நூர்ஜகான் வீட்டுச் சுவர்களை
பத்து நாள் விடியுமுன் எழுந்து நனைத்தேன்.
அபூர்வத்தின் கக்கூஸ் தொட்டிக்கு உறை இறக்கினேன்.
"கூலியில்லா வேலையெல்லாம்
பண்ணையோட போச்சுன்னு நெனச்சேன்" என்றார் வீரசேகரன்,
கலவைச் சட்டியைக் கீழே வைக்காமலே.
ஜெசிந்தா கோபப்படவில்லை.
டிவிஎஸ் வண்டியின் பையிலிருந்து
நோட்டை எடுத்துக் காட்டினாள்:
தேதி, மணி, யார் வீடு, என்ன வேலை.
அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
அவருடைய அப்பா செய்ததை
எவரும் எழுதி வைத்ததில்லை.

தண்ணீர் ராத்திரியில் வந்தது.
முதலில் நுரை, பிறகு சருகு, பிறகு ஒற்றைச் செருப்பு,
அதற்கும் பின்னால்தான் காவேரி.
மதகடியில் வெடி போட்டார்கள்.
நான் அன்னக்கூடையோடு ஓடினேன்.
விடிந்தபோது வானத்தில் முழங்கால் நீர்,
மேற்குப் பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தது.
நூர்ஜகான் வந்தாள்.
பக்கிரிசாமி டீசல் மோட்டார் கொண்டுவந்தார்.
மற்றவர்கள் நாற்றங்காலுக்குப் போயிருந்தார்கள்.
போகாமல் என்ன செய்வார்கள்,
சேறு கழுவிக்கொண்டு பத்து மணிக்கு
நானும்தான் போனேன்.

இன்னொரு லோடு எம்-சாண்ட்.
நாலாயிரத்து இருநூறு.
"தர்மம் கேக்கல, கடன்ல எழுதுங்க" என்றேன்.
அரை நாள் கூடிப் பேசி
கடனில்தான் எழுதினார்கள்.
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.
நடவுக் கூலியில் முதல் தவணை கட்டினேன்.
எந்தத் தண்ணீர் குழியை இடித்ததோ
அதே தண்ணீர் கொடுத்த ஆயிரத்து நூற்றைம்பது.
மிச்சம் நூற்று முப்பத்தைந்து தவணை.

ரேஷன் அட்டையில் இத்தனை காலம்
எங்கள் முகவரி 'வாய்க்கால் புறம்போக்கு'.
கடன் கேட்டால் பத்திரம் கேட்டார்கள்,
பத்திரம் கேட்டால் பணம் கேட்டார்கள்.
புயல் மட்டும்தான் எதுவும் கேட்காமல்
கூரையை எடுத்துக்கொண்டு போனது.

திருத்துறைப்பூண்டியில் பதிவன்று
எழுத்தர் மூச்சுவிடாமல் வாசித்தார்:
இதற்கு நான்கெல்லை,
வாய்க்காலுக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு,
அபூர்வம் மனைக்கு மேற்கு,
காலிமனைக்குக் கிழக்கு.
என் பெயரில்தான் பத்திரம்.
கையெழுத்துப் போடும்போது 'ல்' விட்டுப்போய்
தையநாயகி ஆகிவிட்டேன், மறுபடி போடச் சொன்னார்கள்.
அன்றைக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.
பசித்தது. பரோட்டா சாப்பிட்டோம்.

அது வந்தது தை மாசம்.
அந்தக் காலிமனை செல்லக்கண்ணுவுக்கு ஒதுக்கானது,
நான் சாட்சிக்குப் போயிருந்தேன்.
அதே எழுத்தர், அதே வேகம்:
"...தையல்நாயகி மனைக்கு மேற்கு..."
நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னேன்.
முறைத்தார்.
படித்தார்.

இன்னொருவர் நிலம் எங்கே முடிகிறதென்று சொல்ல
என் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

வெளியே வந்ததும் செல்லக்கண்ணு
வானம் எப்போது தோண்டலாம் என்று கேட்டார்.
பங்குனிக்குள் தோண்டி நிரப்பிவிடுங்கள் என்றேன்,
ஆனி வரைக்கும் வைத்திருக்காதீர்கள்.