ஆமென் சொல்ல வேண்டிய இடம்

லிப்ஸ்டாட் நகர ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில்
செவ்வாய்தோறும் எனக்கு வேலை:
பழைய பதிவேடுகளை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்ப்பது.
படிப்பதற்குச் சம்பளம் கிடையாது.
படித்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, ஜனவரி.
மதுக்கடையின் பின்னறை. ஒன்பது பேர்.
நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இரண்டு கரிக்கட்டி.
பிரிட்டிஷ் அதிகாரியின் அனுமதிச் சீட்டில்
குத்திய குண்டூசி துருவாகி
தாளுக்குள் இறங்கியிருக்கிறது.
குறிப்பெழுதியவர் செல்வி ஹெட்விக் கோர்ட்ஹவுஸ், ஆசிரியை.
இஸ்திரி போட்ட எழுத்து.

கத்தோலிக்கர் ஐவர், லூத்தரன்கள் நால்வர்.
தலைமுறை தலைமுறையாக
ஒரே தெருவில் வேறு வேறு ரொட்டிக்கடைக்குப் போனவர்கள்.
நம் கணக்கில் சொன்னால்
சேசு என்பவரும் இயேசு என்பவரும்
சர்வேசுரனும் பராபரனும்
ஒரே பெஞ்சில் முழங்கால் இடிக்க.

கத்தோலிக்கருக்கு மட்டுமென்று இருந்த பழைய கட்சியையே
தூசி தட்டலாமே என்கிறார் ஒருவர்.
பிரிந்து நின்றோம், ஒவ்வொருவராய்த் தின்றான்,
என்கிறார் தொழிற்சங்கத்து கிளெமென்ஸ் வெஸ்டர்ஹோஃப்.
தின்றவன் பெயரைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.
இரும்புக்கடை எவால்ட் நூஸ்கன் அப்போது
தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
குறிப்பில் எழுத வேண்டிய விஷயமே இல்லை.
ஹெட்விக் எழுதியிருக்கிறார்.

செபத்தோடு தொடங்கலாம் என்றார்கள்
(நால்வர் காதில் அது ஜெபம்).
எல்லோருக்கும் தெரிந்ததுதானே.
பரமண்டலத்திலிருந்து அன்றாட அப்பம்வரை
ஒன்பது குரலும் ஒரே குரல்;
அப்பத்தில் கொஞ்சம் சத்தம் கூடியிருக்கும்,
ரேஷன் குறைந்த வாரம் அது.
தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும், ஆமென்,
என்று ஐவர் நிறுத்திவிட்டார்கள்.
நால்வர் நிறுத்தவில்லை.
ராஜ்யமும் வல்லமையும் என்று
தொடங்கிய வாய் திறந்தபடி நின்றது.
அந்த வரி ஐவரின் செபத்தில் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு மைப்பொட்டு, பட்டாணி அளவு.
கறையை நீக்கவா என்று கேட்டது இயந்திரம்.
வேண்டாம் என்றேன்.

"மீதியையும் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்."
வெஸ்டர்ஹோஃப்தான்.
நால்வரும் சொன்னார்கள், கடன் கேட்கும் குரலில்:
ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் உம்முடையவைகளே.
உம்முடையவை.
பின்வந்த பக்கங்களில்
அந்தக் கடைசிச் சொல் அடிக்கடி மறந்துபோகிறது.

முதல் வருடத் தீர்மானம்: நிலக்கரிச் சுரங்கம் மக்களுக்கே.
மூன்று வருடம் கழித்து அதைக் காணோம்.
நாற்காலிகளுக்கு மெத்தை வாங்கிய ரசீது இருக்கிறது.
ஐம்பத்தொன்றில் தலைவர் எவால்ட் நூஸ்கன்;
கோப்பில் அவருக்குப் பாதிரியார் கொடுத்த நற்சான்று.
அந்த மாதிரித் தாளுக்கு
ஒரு சலவைத்தூளின் பெயரை வைத்துச் சிரித்தது ஊர்.

எல்லாமே அப்படி என்று சொல்லவும் முடியவில்லை.
சிலேசியாவிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கியவர்களுக்கு
வீடு ஒதுக்கிய பட்டியலில்
சமயம் என்ற கட்டத்தை மேலிருந்து கீழ்வரை
ஒரே கோட்டில் அடித்திருக்கிறார்கள்.
கோடு நடுங்கவில்லை. ஹெட்விக்கின் கோடு.

கல்யாணமான ஆசிரியைகளை வேலையைவிட்டு
அனுப்பக் கூடாது என்று அவர் கொண்டுவந்த தீர்மானம்:
பின்னர் பரிசீலிக்கப்படும்.
குடும்பமே அரசின் அடித்தளம் என்ற தீர்மானம்:
ஏகமனதாக.
ஐம்பத்துமூன்றில் குறிப்புகள் தட்டச்சுக்கு மாறுகின்றன.
செல்வி கோர்ட்ஹவுஸ் பெயர் அதற்குப் பிறகு இல்லை.
காரணம் எழுதவில்லை. எழுத வேண்டியவர்
அவர்தானே.

போன இலையுதிர்காலம் குடியுரிமைத் தாள் கைக்கு வந்ததும்
சந்தைச் சதுக்கத்தில், மழைத்தாள் கூடாரத்தடியில்,
கிளைச் செயலர் உறுப்பினர் படிவம் நீட்டினார்.
என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, அவசரமாக:
முதல் எழுத்து தேவாலயமல்ல,
மனிதனைப் பார்க்கும் ஒரு பார்வை, அவ்வளவுதான்.
நல்ல பையன். காதில் ஒரு கடுக்கன்.
கூட்டத்தைச் செபத்தோடா தொடங்குகிறீர்கள் என்றேன்.
வைஃபை கடவுச்சொல்லோடு, என்று சிரித்தார்.

படிவம் பையில் கிடக்கிறது.
ரயில் சீட்டைத் துழாவும்போதெல்லாம்
அதன் ஓரம் விரலைக் கீறுகிறது.