பஞ்சப்படி

மாதத்தின் முதல் வாரம்
ஸ்ரீராமபுரம் கிளையில் பாஸ்புக் மெஷின்
என் புத்தகத்தை உள்ளே இழுத்து
ஒரே ஒரு வரியை இருமித் துப்பும்:
ஆயிரத்து நானூற்று அறுபத்தேழு.
அடுத்தது சம்பூரணத்தின் புத்தகம்.
இருபத்தோராயிரத்துச் சொச்சம்.
வரிசையில் யாராவது எட்டிப் பார்த்தால்
நான் சட்டென்று மூடுவது என்னுடையதை.

முப்பத்தொரு வருஷம், மூன்று கம்பெனி,
பீன்யாவில் லேத் ஓட்டிய கை இது.
தலைமுடி கனம்கூடத் தப்பாது.
அவள் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா.
பிரசவ வார்டில் இரவெல்லாம் ரத்தம் துடைத்தவள்.
யார் வேலை பெரிது என்று
எங்களுக்குள் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை,
ரிட்டயர் ஆகும் வரை.

வருஷத்துக்கு இரண்டு தரம்
அவளுக்குப் பஞ்சப்படி ஏறும்.
பஞ்சம் பொது. படி மட்டும் அவளுக்கு.
வெங்காயம் என்ன விலை என்று
என் பென்ஷனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

பீடிக்குக் காசு நான் கேட்பதில்லை.
அவளும் கொடுப்பதில்லை;
சட்டைப் பையில் நூறு ரூபாய் தானாக முளைக்கும்.
பிடிக்காத நாளில்
சட்டையை அப்படியே
துவைக்கப் போட்டுவிடுவேன்.

அவள்தான் செவ்வாய்க்கிழமை காலை
ஃப்ரீடம் பார்க்குக்குக் கிளம்பினாள்.
"உனக்குத்தான் வருதே, இன்னும் என்ன?"
"நாகவேணிக்கு வராது.
ரெண்டாயிரத்தி ஆறுக்கு அப்புறம் சேர்ந்த பிள்ளைங்க
யாருக்கும் வராது.
அதே வார்டு. அதே வாளி."
எனக்கும்தான் வராது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"புளி ஊறுது, குழம்பு வெச்சிடு" என்று
செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ்காரர்களும் அன்று ஸ்டிரைக்.
டிபன் கேரியரோடு நடந்தேன்.
ஓகளிபுரம் பாலத்தடியில்
அடையாள அட்டை கழுத்தில் ஆட
வியர்த்து ஓடிவந்த கார்மெண்ட்ஸ் பெண் ஒருத்தி
யாரிடமோ போனில் கத்தினாள்:
"அரை மணி லேட்டு, அரை நாள் கூலி போச்சு!
இந்த கவர்மெண்டுக்காரங்களுக்கு என்ன,
உக்காந்தாலும் சம்பளம், படுத்தாலும் பென்ஷன்."
நேற்று டீக்கடையில்
நான் சொன்ன வாக்கியம்.
எழுத்துப் பிசகவில்லை.
கேரியரைக் கை மாற்றிக்கொண்டேன்.

"பேக்கே பேக்கு!" என்று கன்னடத்தில் கூட்டம்.
வேண்டும், வேண்டும் என்று அர்த்தம்.
நாற்பது வருஷமாகத் தெரிந்த சொல்தான்,
ஆனாலும் அந்த வெயிலில்
தமிழ்ப் பேக்காகவே காதில் விழுந்தது.
யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பட்டை குத்துகிற பையன் கேட்டான்:
"எந்த டிபார்ட்மெண்ட், சார்?"
"லேத்."
புரியாமலே குத்திவிட்டான்.

நாங்களும் உட்கார்ந்தோம் ஒரு காலத்தில்,
கேட்டுக்கு வெளியே அறுபத்திரண்டு நாள்.
அறுபத்து மூன்றாம் நாள்
பூட்டு முதலாளியுடையது.
என் லேத் நின்ற இடத்தில் இப்போது
அப்பார்ட்மெண்ட் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.
அந்த அறுபத்திரண்டு நாளும்
நைட் டூட்டி முடிந்து நேரே வருவாள்,
ஆஸ்பத்திரி பன் நாலைந்து முந்தானையில்.
யாருடைய பன் என்று
நான் கேட்கவில்லை.

சம்பூரணம் என்னைப் பார்த்தாள்.
எழுந்திருக்கவில்லை. தார்ப்பாயில்
ஒரு ஆள் இடம் நகர்ந்தாள், அவ்வளவுதான்.
நாகவேணி குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து
"உப்பு ஜாஸ்தி, அங்கிள்" என்றாள்.
மறுபடியும் கோஷம்.
எது வேண்டும் என்பதை விட்டுவிட்டு
வேண்டும் என்பதை மட்டும் நானும் சொன்னேன்.

சாயங்காலம் அவளுக்கு முட்டி வலி.
ஸ்டிரைக் நாள், ஆட்டோக்காரன்
இருநூற்றைம்பதுக்கு இறங்க மாட்டேன் என்றான்.
அவள் பர்ஸைத் திறக்குமுன்
நான் நீட்டிவிட்டேன்.
ஆயிரத்து நானூற்று அறுபத்தேழில்
இருநூற்றைம்பது போனால் எவ்வளவு என்று
அவளுக்குத் தெரியாதா?
ஒன்றும் சொல்லாமல்
வீடு வரும் வரை
அந்தப் பக்கத் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.