ஏழாம் கேள்விக்குப் பதில்

மின்சைக்கிள் விற்பனை ஏன் குறைவு என்று கேட்டு
நான்கு கோடு இடம் விட்டிருக்கிறீர்கள்.
போதவில்லை.
தாளைத் திருப்பிக்கொண்டேன்.

சுங்கை சுமுனுக்கு நீங்கள் அனுப்பியவை மூன்று.
ஒன்றை கிளினிக்குக்குப் புதிதாய் வந்த டாக்டர் வாங்கினார்.
மற்ற இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன.
தினமும் துடைக்கிறேன்.
செம்பனை லோரி ஒன்று போனால்
மறுபடி துடைக்கிறேன்.

எடை பதினேழே கிலோ என்று
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.
குணாளன் வந்தான், குலை வெட்டுகிறவன்.
தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.
"உதிரிப்பழம் எத்தனை மூட்டை தாங்கும், தவுக்கே?"
உங்கள் புத்தகத்தைப் பின்னட்டை வரை புரட்டினேன்.
அந்த எண் இல்லை.

அம்சவேணி நாசி லெமாக் விற்கிறவள்.
கூடை வைக்கப் பின்னால் ஒன்றுமில்லையே என்றாள்.
கேரியர் தனி, முந்நூற்றுப் பத்து வெள்ளி என்றேன்.
எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரின் வண்டி ஒரு மழையில் நின்றது.
சின்னத் திரையில் 'பிழை ஒன்பது'.
உங்களைக் கேட்டேன்,
மோட்டார் வேறு கம்பெனி என்றீர்கள்.
அவர்களைக் கேட்டேன்,
பேட்டரி இன்னொருவருடையது என்றார்கள்.
இன்னொருவர் போனை எடுக்கவில்லை.
ஏழு வாரம்.
இரும்பும் பெயரும்தான் உங்களுடையவை என்று
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எதிர்வரிசையில் கோக் வெய், கைப்பேசி பழுது பார்ப்பவன்.
சக்கரத்தில் கோட்டம் எடுக்கத் தெரியாது,
அதற்கு என்னிடம்தான் வருவான்.
ஆனால் பெட்டியைத் திறக்கிறான்.
செத்த செல்லைப் பிடுங்கி வேறு செல் வைத்துப் பற்றவைக்கிறான்.
சாயங்காலத்துக்குள் வண்டி ஓடுகிறது.
அவன் கட்டும் வண்டி பார்க்கச் சகிக்காது.
பிரேக்கை நினைத்தால் எனக்குப் பயம்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்களோ பதினொரு மாதம் முன்பே ஆர்டர் கேட்கிறீர்கள்.
வந்து இறங்கும்போது
நிறம் இந்த வருஷத்தது,
மோட்டார் போன வருஷத்தது.

முப்பத்தொரு வருஷம் உங்கள் சைக்கிள் விற்றவள் சொல்கிறேன்.
உங்கள் விளம்பரம் எல்லாவற்றிலும்
ஒரு கால் இருக்கும்,
கெண்டைச்சதை முறுக்கேறி, எண்ணெய் பூசினாற்போல.
அந்தக் கால் வலிக்கும் என்று
ஒரு தடவையாவது ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா?
வலிக்கிறது என்று சொல்லத் தயங்காதவனுக்குத்தானே
மோட்டார்!
இங்கே அதை இருபது வயதில் சொல்லிவிடுகிறார்கள்.
நீங்கள் இன்னும்
மலைப்பாதையில் சும்மா ஏறி இறங்குகிற ஒருவருக்காக
கிராம் கிராமாய்க் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

குணாளன் கோக் வெய்யிடம் ஒன்று கட்டிக்கொண்டான்.
நேற்று இரண்டு மூட்டையோடு
என் கடையைத் தாண்டிப் போனான்.
பின்சக்கரம் ஆடிற்று.
கூப்பிட்டு நிறுத்தி
ஸ்போக் முறுக்கிக் கொடுத்தேன். நான்கு வெள்ளி.

இந்த மாதக் கணக்கில்
'மின்சைக்கிள் வரவு' என்ற இடத்தில்
அதைத்தான் எழுதியிருக்கிறேன்.