காட்சி 38, முதல் நாள்

ஞாயிறு ஒருநாள்தான் நிறுவைமேடை கிடைத்தது,
செம்பனை லாரிகள் ஓடாத நாள்.
அதனால் பாகாவில் எங்கள் டெலிமூவி
முடிவிலிருந்து தொடங்கியது.

கதைப்படி கிராணி தருமையா
பதினெட்டு வருடம் எடையில் கைவைத்தவன்.
காட்சி முப்பத்தெட்டில்தான்
உள்ளதை உள்ளபடி எழுதுவான்.
நடிக்க வந்த நாகேந்திரனுக்குச் சந்தை முனையில் டயர் கடை.
எலுமிச்சம்பழம் தேய்த்தும்
நகத்துக் கறுப்பு போகவில்லை.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றார்.
என் வேலை தொடர்ச்சி பார்ப்பது:
எந்தச் சட்டை, எத்தனை பித்தான்,
கடிகாரம் எந்தக் கையில்.
"இன்னும் ஒண்ணும் பண்ணலண்ணே,
செவ்வாய்க்கிழமதான் பண்ணுவீங்க."
பசியாற வந்த நாசி லெமாக்கைப் பிரித்தபடி
எல்லாரும் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

அழுகை வரவில்லை. நாலு டேக். வெயில் ஏறியது.
"அழ வேணாம், எழுதுங்க போதும்" என்றாள்
இயக்குநர் கோகிலவாணி.
ஐந்தாவதில் பேனா மக்கர் செய்தது.
உதறினார்.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.
பிறகு குனிந்து
கடையில் ரசீது போடும் நிதானத்தில்
ஒவ்வோர் எண்ணாக எழுதினார்.
கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய், காட்சி நான்கு.
சீனர் கடை மாடியில் ஒரு மேசை, கணக்குப் புத்தகம்.
முதல் திருட்டு.
நாற்பது கிலோ குறைத்து எழுத வேண்டும்,
'சீட்டியடித்தபடி' என்றிருந்தது தாளில்.
எழுதினார். கை நடுங்கியது.
மறுபடி.
மறுபடியும் நடுங்கியது.
"ஞாயித்துக்கெழம எழுதின கைம்மா இது.
அதுக்குப் போய் என்ன சொல்றது?"

குறிப்பேட்டில் எழுதினேன்:
பிழை. நடுக்கம் கூடாது. இவன் இன்னும் கெட்டவன்.

கோகிலவாணி மானிட்டரை விட்டு நகரவில்லை.
தே-ஓ ஆறிப்போயிருந்தது.
"விடு" என்றாள்,
"இவனுக்கு மொத நாளே தெரிஞ்சிருக்கு.
தெரிஞ்சுதான் பதினெட்டு வருஷம்."

ராத்திரியோடு ராத்திரியாகப்
பதினொரு காட்சிகள் மாறின.
திருந்தும் வசனம் இரண்டு பக்கம், போனது.
சீட்டியும் போனது.
'பிழை'யை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்:
கை நடுக்கம், எல்லாக் காட்சியிலும் தொடரவும்.

சொல்ல விட்டுப்போன ஒன்று, அது ஞாயிறு.
மேடையைத் திறந்துவிட்ட அசல் கிராணி பரஞ்சோதி
நாள் முழுக்க ஓரமாக நின்றிருந்தார்.
பூட்டும்போது கேட்டார்,
"கடைசில பிடிபடுறானா சார் அவன்?"
"இல்லங்க. யாரும் பிடிக்கல. அவனே எழுதிடுறான்."

சாவிக்கொத்தை இரண்டு தடவை எண்ணினார்.
மேசையில் கிடந்த பேனா தன்னுடையது என்றார்,
சட்டைப்பையில் செருகிக்கொண்டு
மோட்டாரைத் தள்ளியபடியே
கேட்வரை நடந்தார்.