காற்றில் காய்ந்தது

உப்பு போடுவதில்லை நாங்கள்.
தலையைக் கொய்து, வாலோடு வால் கட்டி, ஜோடி ஜோடியாக
பிப்ரவரியில் கம்பங்களில் தொங்கவிடுவோம்.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.
நெருப்பு இல்லை.
நாளுக்கு இவ்வளவு ஈரம் என்று
வட்டிக்காரனைப் போல் வசூலித்துக்கொண்டு போகும்.
மே மாதம் இரண்டு மீனை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால்
யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் வரும்.
எந்த நாளில் அது மரமானது என்று
லோஃபோட்டன் தீவுகளில் ஒருவராலும் சொல்ல முடியாது.

என் மகன் எய்லெர்ட், அன்ஃபினின் படகில் போனவன்.
படகு திரும்பியது. அன்ஃபின் திரும்பினான்.
வலையில் ஒரு கையுறை வந்தது.
புயல் எச்சரிக்கையைக் கேட்டும் படகை எடுத்தேன் என்று
அன்ஃபினே என் முகத்துக்கு நேரே சொன்னான்.
அது எனக்கு வசதியாகப் போயிற்று.

முதல் குளிர்காலம் வந்து கதவைத் தட்டினான்.
என் கை தாழ்ப்பாள் வரை போனது.
பனியேறிய இரும்பு. சுட்டதுபோல் இழுத்துக்கொண்டேன்.
அன்றிரவு நான் தூங்கவில்லை.
அது நல்ல இரவு என்று இப்போது தெரிகிறது.

இரண்டாம் குளிர்காலம் தட்டினான்.
கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில்
கரண்டி ஒரு கணம் நின்றது.
சூப் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் குளிர்காலம்,
"அவ்வளவு நேரம் தட்டினானே, கேட்கவில்லையா?"
என்றாள் போர்கில்ட்.
சத்தியமாகக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் ஒரு ஞாயிறு தவறியதில்லை நான்.
ஆலயத்தின் மணிக்கயிறு என் கையில்.
வேதபாடம் வாசிப்பவனும் நானே.
பார்வோனின் அதிகாரங்களை எத்தனை முறை கணீரென்று வாசித்திருப்பேன்,
தவளை, பேன், கல்மழை,
யாரோ ஒரு எகிப்தியனைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டு.
கடன்பட்டவர்களை மன்னிக்கிற வரி வரும்போது
முதலில் தொண்டையில் முள் குத்தும்.
முள்ளோடு விழுங்கப் பழகினேன்.
பிறகு முள் இல்லை.
விசுவாசம் பலப்பட்டுவிட்டது என்றுகூட எண்ணினேன்.
பாறை போன்ற மனிதர் என்று போதகர் என்னை மெச்சினார்.
பக்கத்தில் நின்ற போர்கில்ட்
தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலை பின்னும் ஸ்யூர் இருக்கிறான்.
மனைவி செத்த அன்று கப்பல்துறையில் நின்று
கடவுளை வாய்க்கு வந்தபடி திட்டியவன்.
அவனுக்காக உருக்கமாக ஜெபித்தேன்.
எவ்வளவு தண்ணீர் இருந்தது அவனுக்குள்!
திட்டவும் ஈரம் வேண்டும்.

இந்தக் குளிர்காலம் அன்ஃபின் வரவில்லை.

கிறிஸ்துமஸ் போயிற்று. சூரியன் மலைக்கு மேலே திரும்பி வந்தது.
எங்கோ பலகை ஆடினாலும் தலையைத் தூக்கினேன்.
காதே, நீ எதற்காகக் காத்திருக்கிறாய்?
அப்போதுதான் பயம் வந்தது.
எய்லெர்ட் போனபோதுகூட வராத பயம்:
தட்டுகிறவர் ஒருநாள் தட்டாமல் போகலாம்,
நான் அதை அமைதி என்று நினைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த மீனுக்கு இரண்டு வழி உண்டு.
கல்லில் வைத்துச் சுத்தியலால் அடிக்கலாம்.
அல்லது ஒரு வாரம் தண்ணீரில் போட்டுவைத்து
தினம் தண்ணீரை மாற்றலாம்.
போர்கில்ட் இரண்டாவது ரகம்.
இன்று காலை அவளுடைய தொட்டியில் கைவிட்டேன்.
ஆறாம் நாள்.
அழுத்தினேன், விரல் பதிந்தது.
குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்தபடியே
வெகுநேரம் நின்றிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அன்ஃபின் வீடு எட்டு நிமிட நடை.
விறகுக் குவியலைத் தாண்டி, கவிழ்த்துப் போட்ட படகைத் தாண்டி.
அந்தப் படகுதான்.
கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினேன்.

உள்ளே
கரண்டி நின்ற சத்தம் கேட்டது.