முந்நூற்று நான்காம் அறை

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்து ஓட்டலில்
மூன்றாம் மாடி முழுக்க வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.
கட்டில்களைக் காணோம்.
மெத்தைகள் மட்டும் சுவரோரம் நிமிர்ந்து நின்றன,
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன்களைப்போல.
எதிரொலியைத் தின்பதற்காம்.
இஸ்மாயில் சொன்னான்.
இழுத்து வந்தவன் அவன்தான்.

இருபத்தாறு வருஷம் உருட்டு மில்லில் நின்றவன் நான்.
போன ஆடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து
பீப் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள்.
நான் தூக்காத இடங்களையெல்லாம் சேர்த்து
டாக்டர் ஒரு கோடு போட்டார்.
ஏற்காட்டு ரோடுபோல் இறங்கியது,
ஆனால் ஒரு வளைவுகூட இல்லை.
இடது காது. மேலேயிருக்கும் ஒலிகள்.
"பேச்சு கேக்கும், பயப்படாதீங்க."
பாட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அறையில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் மரியாதை.
தரையில் டேப் ஒட்டி
இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே அளந்து போட்டது.
மற்றவர்கள் சுவரோடு நின்று,
பந்தியில் இடம் கிடைக்காதவர்கள்போல
உட்கார்ந்தவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.
கோயம்புத்தூர்ப் பையன், நிவின் என்று சட்டையில் குத்தியிருந்தான்,
ஒயரை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான்.
சாரைப்பாம்புக் கனம்.
மீட்டர் என்ன விலை என்றும் சொன்னான்.
என் வீட்டுக்கடனில் ஏழு மாதம்.

காலையிலிருந்து அதே நான்கு:
கண்ணாடி உடைவது,
தண்ணீர் சொட்டுவது,
யாரோ ஒருத்தி பாடுவதற்குமுன் மூச்சிழுப்பது,
அப்புறம் டிரம்ஸ்.
பாடத் தொடங்கினால் நிறுத்திவிட்டு
அடுத்ததற்குப் போனான்.

"சிம்பலோட ஓரம் கேக்குதா சார்?
உப்புத் தூள் தூவுன மாதிரி?"
கேட்குது என்றேன்.
இஸ்மாயில் மெத்தையைப் பார்த்தான்.

பையில் பென் டிரைவ் இருந்தது.
டவுன்ஷிப் மன்றத்தில் கோமளா அம்மாளின் வயலின்,
இஸ்மாயிலின் ரெக்கார்டரை இரவல் வாங்கி நான் பிடித்தது.
பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன்.
வில் எங்கே திரும்பும்,
மூன்றாம் வரிசைக் குழந்தை எங்கே தும்மும்,
எல்லாம் மனப்பாடம்.
"குவாலிட்டி இருக்காதே சார்" என்று இழுத்தான் நிவின்.
கூட்டம் டீக்குப் போயிருந்ததால் போட்டான்.

காம்போதி ஏறியது.
ஏற ஏற எனக்கு மங்கியது, அது தெரிந்ததுதான்.
ஆனால் அடியில்,
தம்புராவுக்கும் அடியில்,
கம்பளத்துக்குக் கீழே என்றுகூடச் சொல்லலாம்,
என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.
முதலில் உள்ளங்காலுக்குத்தான் தெரிந்தது.

மில்.

அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட்.
கச்சேரிக்காக அர்த்தநாரியோடு மாற்றிக்கொண்டேன்.
கோமளா அம்மாள் கண்மூடி பஞ்சமத்தில் நின்றபோது
வேலிக்கு அந்தப்பக்கம்
என் இடத்தில் அவன் நின்று
தகட்டை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.
இத்தனை வருஷமும் இதற்குள்ளேயே ஓடியிருக்கிறது,
என் காதை அரைத்துக்கொண்டே
என் காம்போதிக்கு அடித்தளமும் போட்டுக்கொண்டு.

"சாரி சார், அடியில ஒரு ஹம் இருக்கு. கட் பண்ணிடவா?"
வேண்டாம் என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
நடைவழியிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டு ஸ்பீக்கரில் அது வரவில்லை.
மேஜைமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தும் பார்த்தேன்.
காம்போதி மட்டும்.

கேண்டீனில் கேட்டார்கள், போனதில் பிரயோஜனம் உண்டா என்று.
பார்க்கிங் முப்பது ரூபாய் என்றேன்.
டீ இலவசம், சமோசா பத்து நிமிஷத்தில் காலி.
பாட்டுக்காக என்றால் யோசித்துப் போங்கள்.
அர்த்தநாரி எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வருஷமும் வந்தால் போவேன்.
மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் குறைந்தபின்.
டேப்பைத் தாண்டி நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு,
நிவின் பேசும் பக்கத்துக்கு
இடது காதைக் கொடுத்துவிட்டு.